குழாய்க்கு மாதம் தெரியாது

ஜனவரி 28 மேட்டூர் அணையை மூடும் நாள், ஜூன் 12 திறக்கும் நாள். அணையில் தண்ணீர் இருந்தால் இதுதான் வழக்கம். இல்லாத வருஷங்களில் திறப்பு ஜூலை, ஆகஸ்ட் என்று தள்ளிப்போகும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் ஜூன் 12 தவறிப்போனதைக் காவிரி டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020-ல் மறுபடி அந்தத் தேதியில் தண்ணீர் திறந்தது. 2024-ல் திரும்பவும் ஜூலை 28 வரை காத்திருந்தோம்.

நல்ல வருஷத்திலேயே மூடும் நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் நடுவே 135 நாள். வயலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். எந்த வாய்க்காலில் எந்தத் தேதியில் தண்ணீர் நிற்கும், முறை வைத்து விடும்போது நம் முறை எப்போது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். டவுனில் குடியிருக்கும் நமக்கு அது மறந்துபோனது. பங்குனியில் கும்பகோணம் பாலத்தைக் கடக்கும்போது கீழே காவிரி வெறும் மணலாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் ஐப்பசியில் வந்த அதே தண்ணீர் அதே வேகத்தில் வருகிறது. அந்த மணலையும் இந்தக் குழாயையும் சேர்த்து யோசிக்க அன்றாடத்தில் எந்தக் காரணமும் இல்லை. டெல்டா நகரங்களின் தண்ணீர்ப் பழக்கத்தைப் பற்றிப் பேசினால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். நாம் ஊதாரிகளாக மாறிவிட்டோம் என்று நான் நினைக்கவில்லை. நமக்கு மாதம் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ஆறு காய்ந்திருக்கும்போது குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கொள்ளிடத்து மணலிலிருந்து. தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களுக்கும், கடைமடையில் வேதாரண்யம் வரை போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் தண்ணீர் கொடுப்பது கொள்ளிடம்தான். ஆற்றுப் படுகையில் கிணறு இறக்கி, மணல் வடிகட்டித் தரும் தண்ணீரை இறைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். மணலை வெறும் மண் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வாளி நிறைய ஆற்று மணலைப் போட்டு, அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கால் வாளிக்கு மேல் தண்ணீர் உள்ளே போய் உட்காரும். ஆறு ஓடும் மாதங்களில் இப்படி நிரம்பியதுதான் ஆறு ஓடாத மாதங்களில் நம் வீட்டுக்கு வருகிறது. நம் உண்மையான நீர்த்தேக்கத் தொட்டி அந்தப் படுகை. அங்கிருந்து லாரி லாரியாக மணல் போனபோது தொட்டியின் ஒரு பகுதியே போனது. இதைச் சொல்ல எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

மாசி முதல் வைகாசி வரை அந்தத் தொட்டிக்கு வரவு மிகக் குறைவு, செலவு தினமும். கோடையில் குடிநீருக்காக மேட்டூரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். வழியில் இருக்கும் மணல் அதைக் குடித்துவிடும். கல்லணை தாண்டி நம் படித்துறை வரை அது ஓடி வந்து பெரும்பாலும் பார்த்ததில்லை.

முந்தின தலைமுறை வீடுகளில் தண்ணீருக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. ஆடியில் செக்கச்செவேலென்று புதுத் தண்ணீர் வரும். அதைக் குடத்தில் பிடித்து வைத்து, உள்ளே தேற்றான்கொட்டையை இழைத்தால் கலங்கல் அடியில் படிந்து மேலே தெளியும். ஐப்பசி கார்த்திகையில் முற்றத்தின் நாலு பக்கத்து ஓடும் கொட்டும். அண்டா, தவலை, குண்டான் என்று கிடைத்ததையெல்லாம் அடியில் வைப்பார்கள். பருப்பு வேக அந்த மழைத்தண்ணீர்தான் நல்லது என்பது பாட்டிகளின் கட்சி, உண்மையும்கூட. கடின நீரில் பருப்பு வேகாது, மழைநீரில் அந்த உப்புகள் இல்லை. தை முடிந்தால் கிணறு. சித்திரையில் கிணறும் கீழே போனால் ஆற்று மணலில் ஊற்றுப் பறித்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். இடுப்பில் குடத்தோடு அரை மைல் நடந்தவளுக்கு அந்தக் குடத்தின் விலை தெரியும். அந்தக் கஷ்டத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். குடம் சுமந்தவர்கள் எல்லாரும் பெண்கள். வீட்டுக்குள் குழாய் வந்தது அவர்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. ஆனால் சுமை போனபோது அதோடு கணக்கும் போய்விட்டது.

இன்னொன்றும் போனது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அன்று பயன்படுத்திய தண்ணீர் ஊரை விட்டுப் போகவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுக்கு ஆனது. பாத்திரம் தேய்த்த தண்ணீரும் குளித்த தண்ணீரும் கொல்லையில் வாழைக்குப் போயின. வாழை குடித்தது போக மீதி மண்ணுக்குள் இறங்கிப் பத்தடி தள்ளி இருக்கும் கிணற்றுக்கே திரும்பியது. இப்போது குளியலறையும் சமையலறையும் கழிப்பறையும் ஒரே குழாயில் சேர்ந்து பாதாளச் சாக்கடைக்குப் போகின்றன. கொள்ளிடத்திலிருந்து பல மைல் தள்ளிக் கொண்டுவந்த தண்ணீர் வீட்டுக்குள் சில நிமிஷம் இருந்துவிட்டு, ஒரு வாழைக்குக்கூட உதவாமல் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. கொல்லை இருந்த இடத்தில் சிமெண்ட் தளம், அல்லது இன்னொரு வீடு.

எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம்? பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் அரசு வைத்திருக்கும் அளவு. கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருப்பது 55 லிட்டர். இந்த 135-ஐ இந்தியத் தர நிர்ணயப்படி பிரித்துப் பார்த்தால், குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரத்துக்கு 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. கடைசி இரண்டையும் பாருங்கள். வாய்க்குள் போவது 10 லிட்டர்தான். மற்ற 125 லிட்டரில் பெரும்பகுதிக்குக் குடிநீரின் தரம் தேவையே இல்லை, ஆனாலும் அதே குளோரின் போட்ட தண்ணீரைத்தான் கழிப்பறையிலும் கொட்டுகிறோம். பழைய பிளஷ் தொட்டி ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டரைக் காலி செய்யும். இரண்டு பொத்தான் உள்ள புதியது 3 அல்லது 6 லிட்டரில் முடிக்கும். பழைய தொட்டியை மாற்ற வசதி இல்லையென்றால் உள்ளே ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் போதும், ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிஞ்சும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அது 48 லட்சம் லிட்டர். நாலு பேர் உள்ள வீடு தினம் 540 லிட்டர் செலவழித்தாலும் அந்த ஒரு ஏக்கர் தண்ணீரை 24 வருஷம் பயன்படுத்தலாம். ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். பத்து லட்சம் பேருக்கு வருஷம் முழுக்க 135 லிட்டர் வீதம் கொடுத்தாலும் 1.75 டி.எம்.சி. தாண்டாது. மேட்டூரின் கொள்ளளவோ 93.47 டி.எம்.சி. அப்படியிருக்க, நான் பல் தேய்க்கும்போது குழாயை மூடுவதால் காவிரிக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

காவிரிக்கு ஒன்றும் ஆகாதுதான். வீட்டில் மிச்சம் பிடித்தால் குறுவை நெல் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு வருஷத்துக்கானது. வீட்டுக் கணக்கை 135 நாளுக்குப் போட வேண்டும், அதுவும் நம் ஊருக்குத் தண்ணீர் தரும் அந்தச் சில கிணறுகளை வைத்துப் போட வேண்டும். ஐப்பசியில் ஆறு, வாய்க்கால், வயல் எல்லாம் நிரம்பிக் கிடக்கும்போது ஒரு வாளி வீணாவதும் பங்குனியில் ஒரு வாளி வீணாவதும் ஒன்றல்ல. பங்குனியில் கொட்டும் வாளி வைகாசியில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வராமல் போகும் வாளி. அந்த யாரோ பெரும்பாலும் தெருக் கோடியில் இருப்பவர், இல்லையென்றால் கடைமடை ஊர்க்காரர்.

நிலத்தடி நீரைச் சொல்லும்போது காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை விட முடியாது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கர்நாடகத்திலிருந்து வருஷத்துக்கு நமக்கு வர வேண்டியதாகச் சொன்ன 192 டி.எம்.சி.-யை அது 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-ல் 10 டி.எம்.சி., தமிழ்நாட்டின் நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறதே என்பதைக் காட்டிக் குறைத்தது. மீதி 4.75 பெங்களூரு நகரத்தின் தேவைக்காக. தீர்ப்பு சரியா தவறா என்பது தனிக் கதை. நம் போர்க்குழாய்க்குக் கீழே இருக்கும் தண்ணீர் அதற்கு முன்பு சேமிப்பாக இருந்தது. அன்று முதல் அதுவும் வரவுக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. கிணற்றில் இருப்பது நம் கைக்காசு என்று இனி நினைக்க முடியாது.

கடலை ஒட்டிய ஊர்களில் விஷயம் இன்னும் நுணுக்கம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மணல்மேடுகளில் மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழமாக இறக்கினால் உப்பு. நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல நல்ல தண்ணீர் உப்பின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது இதற்கான கணக்கு. திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏற வழி கிடைக்கிறது. வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து இறைத்தால் ஒரு தெருவே சில கோடைகளில் உப்பாகிவிடும். உப்பான கிணற்றைத் திருப்பி இனிப்பாக்க எத்தனையோ மழைக்காலம் ஆகும்.

அப்புறம், மழைநீர்ச் சேகரிப்பு. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. டெல்டா நகரங்களிலும் வீட்டு ஓரத்தில் குழி தோண்டி, ஜல்லி போட்டு, மாடிக் குழாயை இறக்கினோம். பல வீடுகளில் அந்தக் குழி ஐப்பசியில் நிரம்பித் தளும்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர்ச் சேகரிப்பே வீண் என்று அதை வைத்து முடிவு கட்டியவர்கள் உண்டு. குறை குழியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. டெல்டாவின் மேல் மண் களிமண். தண்ணீரை வயலில் நிறுத்தி வைத்து நெல் விளைய உதவுவதே இந்த மண்தான். அதே மண் குழிக்குள் இறங்கும் தண்ணீரையும் நிறுத்தி வைக்கிறது. போதாததற்கு, நமக்குப் பெரிய மழை வருவது வடகிழக்குப் பருவத்தில். அந்த நேரம் வயலும் வாய்க்காலும் ஏற்கெனவே நிரம்பி, நிலத்தடி நீரும் மேலே வந்து நிற்கும். நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும். அதனால் களிமண் படலத்தைத் தாண்டி மணல் தட்டும் ஆழம் வரை குழி போக வேண்டும். வீட்டில் பழைய கிணறு இருந்தால் மாடித் தண்ணீரை வடிகட்டி அதிலேயே விடலாம். இது எல்லாவற்றையும்விட எளிது. அந்தக் கிணற்றைக் குப்பை போட்டு மூடியவர்கள் இன்று போர்க்குழாய்க்கு லட்சக் கணக்கில் செலவழிக்கிறார்கள்.

ஆனால் நான் மனதார நம்புவது தரைக்கடித் தொட்டியான சம்ப்பை. டெல்டாவில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, கடற்கரை ஓரம் இன்னும் அதிகம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 74,000 லிட்டர் கையில் நிற்கும். அவ்வளவையும் பிடித்து வைக்க யார் வீட்டிலும் இடம் இருக்காது, தேவையும் இல்லை. மேலே சொன்ன பத்து லிட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தினம் 40 லிட்டர். 135 நாளுக்கு 5,400 லிட்டர். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி ஆழத்தில் ஒரு சம்ப் கட்டினால் 5,600 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதாவது வறண்ட காலம் முழுவதும் வீட்டில் வாய்க்குள் போகும் தண்ணீரை நம் மாடியே தந்துவிடும். முதல் இரண்டு மூன்று மழையை மாடி கழுவ விட்டுவிட வேண்டும். பிறகு வருவதை வடிகட்டிப் பிடித்து, வெளிச்சமும் கொசுவும் போகாமல் மூடி வைக்க வேண்டும். காய்ச்சிக் குடித்தால் கவலையே இல்லை.

இதை விட்டுவிட்டு ஆர்.ஓ. இயந்திரம் வாங்குகிறோம். ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு அது இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. உப்பு அதிகம் உள்ள ஊரில் வேறு வழியில்லை, வாங்கத்தான் வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிநீருக்கு ஏற்றது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, தேவையா என்று தெரிந்துகொண்டு வாங்கலாமே. வாங்கியிருந்தால் வெளியேறும் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அந்தத் தண்ணீர் தாராளம்.

ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஆனதும், நேற்றுப் பிடித்த குடங்களைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பது. எங்கள் வீட்டிலும் வெகு நாள் நடந்தது. பழைய தண்ணீர் ஆகாது என்று ஒரு எண்ணம். மூடி வைத்த குடத்தில் ஒரே ராத்திரியில் தண்ணீர் கெடாது. மேல்நிலைத் தொட்டியில் நாள்கணக்கில் நின்ற தண்ணீரில்தான் மறுபடி குளிக்கிறோம், அதை யாரும் பழையது என்று சொல்வதில்லை. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க பொதுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு தடவை பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, மற்ற நாளில் மூடி வைத்தால் போதும். நாலு குடம் என்றால் அறுபது லிட்டர். அது தினமும் சாக்கடைக்குப் போனது.

இதைவிடப் பெரிய நஷ்டம் மொட்டைமாடியில் நடக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி நிரம்பிச் சுவர் வழியாக ஒழுகும் சத்தம் பக்கத்து வீட்டுக்காரர் கத்திய பிறகுதான் நமக்குக் கேட்கிறது. ஒரு வாளியையும் கைபேசிக் கடிகாரத்தையும் வைத்து உங்கள் மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஏற்றுகிறது என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்கு மீட்டர் கிடையாது, மாதம் ஒரே கட்டணம்தான். அதனால் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தொட்டியின் வெளியே தண்ணீர் மட்டம் தெரிகிற மாதிரி ஒரு குழாய் வைத்து, நூறு லிட்டருக்கு ஒரு கோடு போட்டால் அதுவே மீட்டர். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பார்த்தால் போதும்.

வாடகை வீட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் நம் எல்லாருக்கும் ஆசிரியர்கள். வீட்டுக்காரர் காலையில் அரை மணி மோட்டார் போடுவார், அவ்வளவுதான் அன்றைக்கு. துணி அலசிய தண்ணீரை எடுத்துக் குளியலறை கழுவுவது, காய் கழுவிய தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவது என்று அவர்கள் ஒரு வாளியை மூன்று தடவை பயன்படுத்துவார்கள். அவர்களுக்கு வருஷம் முழுவதும் சித்திரை.

தெருக்குழாயில் நேரே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது வேறு ரகம். அது தவறு என்று செய்பவருக்கும் தெரியும். ஒரு வீட்டு மோட்டார் ஓடினால் கடைசி வீடுகளில் காற்றுதான் வரும். வயலில் அடுத்தவர் மடையை உடைத்துத் தண்ணீர் பாய்ச்சியவரை ஊர் கூட்டி நிற்கவைத்துக் கேட்ட மண் இது. தெருவில் மட்டும் ஏன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோம்?

குளங்களைச் சொல்லாமல் டெல்டாவின் ஊர்த் தண்ணீரைப் பேச முடியாது. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். ஒரு வேலி 6.67 ஏக்கர் என்றால் கமலாலயம் என்ற அந்தக் குளம் 33 ஏக்கர் வருகிறது. மன்னார்குடிக்கு ஹரித்ராநதி, கும்பகோணத்துக்கு மகாமகக் குளம். தஞ்சாவூரில் செவ்வப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து ஜலசூத்திரம் என்ற நிலத்தடிக் கால்வாய் வழியாக ஊருக்குள் ஐயன்குளத்துக்கும் கிணறுகளுக்கும் போனது. இந்தக் குளங்கள் கோயிலுக்கு மட்டும் வெட்டியவை அல்ல. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வாய்க்கால் வழியாக நிரம்பி, ஓடாத மாதங்களில் சுற்றியுள்ள நாலு வீதிக் கிணறுகளுக்கும் ஊறிக் கொடுத்தன. குளத்துக்கு வரும் வாய்க்காலை வீடுகளும் கடைகளும் சாக்கடையும் அடைத்த ஊர்களில் இன்று குளத்தை நிரப்ப மோட்டார் வைக்க வேண்டியிருக்கிறது. கரைக்கு டைல்ஸ் ஒட்டி விளக்குப் போடுவதற்கு முன்னால் வாய்க்காலைத் திறக்க வேண்டும். 2028-ல் அடுத்த மகாமகம். அதற்காகச் செலவழிக்கப் போகும் பணத்தில் ஒரு பங்கு, நகரத்துக் குளங்கள் எல்லாவற்றின் வரத்து வாய்க்கால்களுக்கும் போனால் அந்தத் தெருக்காரர்கள் கிணற்றில் மறுபடி கயிறு நனையும்.

வீட்டளவில் நான் செய்தது சிறியது. சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்து, கொல்லையில் மிஞ்சியிருக்கும் ஆறடி மண்ணுக்குத் திருப்பினேன். குழாய், முழங்கை, ஒரு சிறு வடிகட்டி, பிளம்பருக்கு அரை நாள் கூலி. எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டி தடுத்துவிடுகிறது. சோப்பைக் குறைத்துப் பாத்திரத்தைத் தேங்காய் நாரில் தேய்க்கப் பழகினோம். அங்கே ஒரு பூவன் வாழையும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நிற்கின்றன. போன சித்திரையில் தெருக்குழாய் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது. அந்த மாதத்தில் வாழைக்கென்று தனியாக ஒரு சொம்புகூட நாங்கள் ஊற்றவில்லை, வைகாசியில் அது குலை தள்ளியது.